திருப்பிக் கொடுத்த தாம்பூலம்

தேதிகளை நான் மறப்பதில்லை. பொதுப்பணித் துறையில் எந்த வாய்க்காலுக்கு என்றைக்குத் தண்ணீர் வந்தது, என்றைக்கு நின்றது என்று எழுதியே சம்பளம் வாங்கியவன். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. அதனால், என் மகளிடம் ஒருவன் “இந்த ஊரை விட்டு நீ எங்கேயும் போக முடியாது” என்று சொன்ன சேதி எனக்கு எப்போது வந்தது என்பதில் குழப்பமே கிடையாது. போன ஆவணியில், விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் காலை, குறுவை அறுக்கும் இயந்திரம் எங்கள் வயலில் இறங்கியிருந்த நேரம். சத்தத்தில் ஒன்றும் கேட்காமல் போனை எடுத்துக்கொண்டு வரப்பு வரப்பாக ஓடி, வாய்க்கால் பாலத்தில் போய் நின்றேன்.

“அப்பா, நாங்க இங்கேருந்து போகக் கூடாதாம்.”

“யாரு சொன்னா?”

“அண்ணன்தான். போனா கார்டை ரத்து பண்ணிடுவாங்களாம். குடும்பத்தோட ஊருக்கு அனுப்பிடுவாங்களாம். அவரே எழுதிப் போடுவாராம்.”

அவள் அண்ணன் என்று சொன்னது எங்கள் உறவுக்காரனை அல்ல. எங்கள் ஊர் பெரிய வீட்டின் பேரனை. திருவாரூருக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில் பாதி நிலம் ஒரு காலத்தில் அந்த வீட்டுக்குச் சொந்தம். இப்போது நிலம் குறைந்துவிட்டது. பேரன் கனடாவில், கோதுமை விளைகிற ஒரு மாகாணத்தில், நெடுஞ்சாலை ஓரத்துச் சின்ன ஊர் ஒன்றில் தங்கும் விடுதியும் சாப்பாட்டுக் கடையும் நடத்துகிறான். என் மகள் அங்கே சமையலறைக்குப் பொறுப்பாளி. அந்த மாகாணத்தின் சிபாரிசில்தான் அவளுக்கு நிரந்தரக் குடியுரிமை அட்டை கிடைத்தது. சிபாரிசுக்கு வழி செய்தது அவன்தான். அதை நான் மறுக்கவில்லை.

மருமகன் வெல்டர். அந்தச் சின்ன ஊரில் அவருக்கு வேலை அமையவில்லை. இரண்டு பனிக்காலம் விடுதியில் குழாய் பழுது பார்த்தும் பனி அள்ளியும் பார்த்துவிட்டு, அட்டை வந்த பிறகு, மேற்கே கடலோர மாகாணத்தில் கப்பல் பட்டறை ஒன்றில் சேர்ந்தார். நிலவறை மாதிரி ஓர் அறையில் தனியாக இருந்தார். என் மகளும் பேத்தியும் இந்தப் பக்கம். நடுவில் ஒரு முழு மாகாணமும் மலைத்தொடரும். பேத்தி அப்பாவைப் போனில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்திருந்தாள். மகள் கேட்டதெல்லாம் புருஷனோடு ஒரே வீட்டில் இருப்பதற்கு மட்டும்தான். அதற்குத்தான் அவன், போக முடியாது என்றான்.

பாலத்தில் நின்றபடியே எனக்கு என் அப்பாவின் ஞாபகம் வந்தது.

என் அப்பா அந்தப் பெரிய வீட்டில் பண்ணையாள். நான் பிறப்பதற்கு முன்னால், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கும் முன்னால், ஒரு தை மாதத்தில் அவர் அம்மாவை அழைத்துக்கொண்டு பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்கு வேலைக்குப் போய்விட்டார். அங்கே கூலி கையில் கிடைத்தது, அவ்வளவுதான் காரணம். பெரிய வீட்டுக் காரியஸ்தர் தோப்புக்கே வண்டி கட்டிக்கொண்டு வந்தார். எங்க ஊர் ஆள், எங்க பண்ணை ஆள் என்று தோப்புக்காரரிடம் சொன்னார். தோப்புக்காரரும் அப்பாவை அனுப்பிவிட்டார். அப்பா வண்டிக்குப் பின்னால் நடந்தே ஊர் வந்தார். அம்மாவை வண்டியில் ஏறச் சொன்னார்களாம், அவளும் ஏறாமல் அவரோடு நடந்தாள். களத்தில் எல்லோர் முன்னாலும் அப்பாவைக் காலில் விழச் சொன்னார்கள். விழுந்து எழுந்ததும் கையில் வெற்றிலை பாக்கு கொடுத்தார்கள். சித்திரையில், வருஷத்தின் முதல் உழவுக்கு நல்லேர் பூட்டும் நாளில் ஆண்டை கையால் வெற்றிலை வாங்கினால் அந்த வருஷம் முழுக்க அந்தப் பண்ணைக்கு ஆள் என்பது வழக்கம். அந்தத் தை மாதத்தில் வழக்கத்துக்கு மாறாக அப்பாவுக்கு மட்டும் தனியாகக் கொடுத்தார்கள். அப்பா வாங்கிக்கொண்டார்.

இதை அவர் ஒரே ஒரு முறைதான் சொன்னார். எனக்குப் பட்டுக்கோட்டையில் முதல் வேலைக்கு உத்தரவு வந்த அன்று. சொல்லி முடித்துவிட்டு, “நீ போ. உன்னைத் தேடி யாரும் வண்டி கட்டிட்டு வர மாட்டாங்க” என்றார்.

வண்டி என் மகளுக்கு வந்துவிட்டது.

ஆத்திரம் வந்தால் முதலில் எதையாவது எடுத்துப் படிப்பது என் வழக்கம். கதை, சரித்திரம், சட்டம், எது கிடைத்தாலும் படிக்கிறவன். இதையும் படித்தேன். அந்த நாட்டு அரசாங்கம் வெளியிட்டிருப்பதை, அந்த மாகாணம் வெளியிட்டிருப்பதை, பிறகு அந்த நாட்டு அரசியல் சாசனத்தை. புரட்டாசி முழுவதும் அதற்கே போயிற்று. விஷயம் நான் நினைத்ததைவிட நேராக இருந்தது. மாகாணம் சிபாரிசு செய்வது, வருகிறவர் அங்கேயே குடியிருக்கப் போகிறார் என்ற நம்பிக்கையில். அதனால் விண்ணப்பிக்கும்போதும், அட்டை வாங்கும்போதும் அங்கே வாழும் எண்ணம் மெய்யாகவே இருந்திருக்க வேண்டும். இல்லாத எண்ணத்தை இருப்பதாகச் சொல்லியிருந்தால் அது பொய், அதற்குத் தண்டனை உண்டு. ஆனால் நிரந்தரக் குடியுரிமை கிடைத்த பிறகு, எந்த மாகாணத்துக்கும் போய் வாழலாம், பிழைக்கலாம் என்று சாசனமே உரிமை கொடுக்கிறது. காரணம் வேலையோ, குடும்பமோ, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கடை முதலாளிக்கு இதில் இடமே இல்லை.

எனக்குச் சாதகமானதை மட்டும் படித்துவிட்டுக் குதிக்கக் கூடாது என்று, மகளைக் குறுக்கு விசாரணை செய்தேன்.

“போறப்ப அங்கயே இருக்கணும்னுதான் போனியா?”

“என்னப்பா கேள்வி இது. வீடு வாடகைக்கு எடுத்து, தோட்டம் போட்டு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல சேர்த்து... வெண்டிக்காய் விதை கேட்டு உங்களுக்குத்தானே போன் பண்ணேன்.”

உண்மைதான். விதையை நானே அனுப்பினேன். செடி ஒரு சாண் வளர்ந்து குளிரில் கருகிப் போயிற்று.

அங்கே குடியேறியவர்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்லும் ஒரு நிலையத்தில் வக்கீல் ஒருவரைப் போய்ப் பார்க்கச் சொன்னேன். பார்த்தாள். அவரும் நான் படித்ததையே சொன்னார். வீட்டு வாடகைச் சீட்டு, சம்பளச் சீட்டு, பள்ளிக்கூடச் சீட்டு எல்லாம் பத்திரமாக வைத்துக்கொள், தாராளமாகப் போ என்றார்.

இங்கே முடிந்திருக்க வேண்டிய விஷயம். முடியவில்லை. தடை என் வீட்டுக்குள்ளேயே இருந்தது.

“சட்டம் விடும். வாக்குக் குடுத்தது விடுமா?” என்றாள் என் மனைவி.

அவள் சொன்னது இதை. மகள் புறப்பட்ட வருஷம் சித்திரையில், பெரிய வீட்டுப் பேரன் ஊரில் இருந்தான். நல்லேர் பூட்டும் நாளில் எங்களைக் கூப்பிட்டார்கள். இப்போது ஏர் கிடையாது. டிராக்டருக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, வயலில் ஒரு சுற்று ஓட்டுவார்கள். அது முடிந்ததும் தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், எனக்கு அகலச் சரிகைக் கரை போட்ட ஒரு வேட்டி. தட்டைப் பெரிய வீட்டு அம்மா, அதாவது அவனுடைய தாயார், கையில் எடுத்தார்.

“நம்ம வீட்டுப் பொண்ணாட்டம் போறா. நம்மள விட்டுட்டு வேற எங்கயும் போயிடக் கூடாது.”

“எங்கம்மா போகப்போறா. உங்க நிழல்லதான் இருப்பா,” என்று சொல்லி என் மனைவி முந்தானையை ஏந்தி வாங்கிக்கொண்டாள்.

பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். பண்ணையாள் சட்டத்தை வரிவரியாகப் படித்தவன், அந்த வெற்றிலைக்கு என்ன அர்த்தம் என்று அப்பா வாயால் கேட்டவன், மரியாதைக்குக் கொடுக்கிறார்கள் என்று நினைத்து நின்றேன். அந்த வீட்டில் எதையும் சும்மா கொடுப்பதில்லை என்பது என் மனைவிக்குத்தான் சரியாகப் புரிந்திருந்தது. அவளுக்கு அது கட்டுப்பாடு. மகளுக்கும் அப்படியே. வக்கீல் சொன்ன பிறகும், “அம்மா வாக்குக் குடுத்திருக்காங்களேப்பா” என்றாள். அவனும் அதைத் தெரிந்துதான் வைத்திருந்தான். கார்டு ரத்தாகும் என்று பயமுறுத்திய அதே மூச்சில், உங்கம்மா தாம்பூலம் வாங்கினாங்கல்ல, ஞாபகம் இருக்கட்டும் என்றும் சொல்லியிருந்தான்.

ஐப்பசி மழையில் நடவு முடிந்து வீட்டில் அடைந்து கிடந்த நாட்களில் இதையே யோசித்தேன். கல்யாணம் நிச்சயம் செய்து தாம்பூலம் மாற்றிய பிறகு சம்பந்தம் வேண்டாம் என்றால் எங்கள் பக்கம் என்ன செய்வார்கள்? தட்டைத் திருப்பிக் கொண்டுபோய் வைப்பார்கள். வைத்துவிட்டால் பேச்சு முறிந்தது. வாங்கிக்கொள்கிறவருக்கு அதைவிட அவமானம் கிடையாது.

“அப்ப இதையும் திருப்பலாம்ல?” என்றேன் மனைவியிடம்.

அவள் முறத்தில் உளுந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்: “பெரிய வீட்டுக்கா? யாருங்க இதுவரைக்கும் திருப்பியிருக்கா?”

“யாரும் இல்ல.”

முறத்தைக் கீழே வைத்தாள். “வேட்டியைக் கட்டிட்டீங்களா?”

“பிரிக்கவே இல்ல.”

“அப்ப திருப்பலாம். வாங்கினது நான். நானே தட்டைத் தூக்கிட்டு வாரேன்,” என்றாள்.

மறுநாளே போய் வைத்திருக்கலாம். நான் வைக்கவில்லை. பயமுறுத்தியவன் ஊரில் இல்லாதபோது அவன் தாயாரிடம் கொடுத்துவிட்டு வருவதில் எனக்கு என்ன கிடைக்கும்? அப்பா விழுந்தது களத்தில், எல்லோர் முன்னாலும். நான் சித்திரைக்குக் காத்திருந்தேன். இவ்வளவு சந்தோஷமாக நான் எதற்கும் காத்திருந்ததில்லை. பொங்கல், அறுப்பு, மாசி மகம் எல்லாம் அந்த வருஷம் எனக்குச் சித்திரைக்குப் போகும் வழியில் வந்த மைல்கற்கள்.

பங்குனி கடைசியில் பெரிய வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். பேரன் வருகிறானாம். பஞ்சாங்கம் பார்த்து நல்லேருக்கு நாள் குறித்தாயிற்றாம். இந்த முறை விசேஷம், இன்னும் இரண்டு குடும்பத்தைக் கனடாவுக்கு அழைத்துப் போகிறானாம். கேட்டரிங் படித்த ஒரு பையன், புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி. அவர்களுக்கும் அன்றைக்கே தாம்பூலம்.

நாளைத் தெரிந்துகொண்டதும் மகளுக்குப் போன் செய்து, வேலையை விடுவதாகக் கடிதம் கொடுக்கச் சொன்னேன். அந்த மாகாணத்து விதிப்படி எத்தனை நாள் முன்னால் கொடுக்க வேண்டுமோ அதற்கு ஒரு வாரம் கூடுதலாகவே வைத்து, கடைசி வேலை நாளை நான்தான் குறித்துக் கொடுத்தேன். கடிதத்தை அவன் விமானம் ஏறும் முன்பு அவன் கையிலேயே கொடுத்தாள். அவன் படித்துவிட்டுச் சிரித்தானாம். “ஊர்ல உங்கம்மாவைப் பார்த்துப் பேசிட்டு வாரேன், அதுவரைக்கும் போயி அடுப்பைப் பாரு” என்று மேஜை இழுப்பறையில் போட்டானாம்.

நல்லேர் அன்று காலை வெயில் ஏறுவதற்கு முன்பே களத்துமேட்டில் பந்தல் போட்டிருந்தார்கள். டிராக்டர் மாலை போட்டுக்கொண்டு நின்றது. அவன் பட்டு வேட்டியில், வெயில் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு நின்றான். நாற்காலியில் அவன் தாயார். ஜமுக்காளத்தில் ஊர்க்காரர்கள். புதிதாகப் போகிறவர்களுக்கான தட்டுகள் இரண்டும் மேஜையில் தயாராக இருந்தன.

எங்களைப் பார்த்ததும் அவன், “வாங்க சார், வாங்க. உங்க பொண்ணைத்தான் உதாரணமாச் சொல்லிட்டிருந்தேன்,” என்றான்.

“அப்படியாங்க தம்பி. அப்ப ஒரு சந்தேகம். எல்லாருக்கும் உபயோகப்படும், இங்கயே கேட்டுடுறேன். நிரந்தரக் கார்டு கிடைச்ச பிறகு, ஒருத்தர் வேற மாகாணத்துக்குக் குடி போகலாமா?”

அவன் முகம் லேசாக மாறியது. ஆனால் பழக்க தோஷம், குரல் மாறவில்லை. “முடியாது சார். கவர்மென்ட் ரூல். எந்த மாகாணம் கூப்பிட்டுச்சோ அங்கதான் இருக்கணும்.”

“எத்தனை வருஷத்துக்கு?”

“அது... நம்ம கடையில இருக்கிற வரைக்கும்.”

கேட்டரிங் பையனின் அம்மா முன்வரிசையில் இருந்தாள். எங்கள் தெருக்காரிதான். “அப்ப எம்புள்ள அங்க போயி உக்காந்தா எந்திரிக்கவே முடியாதா?” என்றாள்.

“எதுக்கு எந்திரிக்கணும் அக்கா? நான் பார்த்துக்க மாட்டனா?”

“எந்தச் சட்டத்துல தம்பி இருக்கு?” என்றேன்.

“அதெல்லாம் வக்கீலுக்குத்தான் சார் தெரியும்.”

“வக்கீலுக்கு இப்ப போன் போடுங்களேன். ஸ்பீக்கர்ல எல்லாரும் கேக்கட்டும்.”

“அங்க இப்ப ராத்திரி சார்.”

“அட, ஆமாம். ஆனா எம்மவ முழிச்சிருப்பா,” என்று சொல்லி என் போனில் அழுத்தினேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

“எங்கம்மா இருக்கே?”

“வண்டியிலப்பா. அவர் ஓட்டுறாரு. பிள்ளை தூங்குறா. மாகாண எல்லை தாண்டிட்டோம், போர்டைப் பார்த்தேன்.”

“இங்க உங்க அண்ணன் இருக்காரு. ஏதாவது சொல்றியா?”

வண்டிச் சத்தத்துக்கு மேல் அவள் சொன்னாள்: “அண்ணே, சமையக்கட்டுச் சாவி கவுன்டர்ல இருக்கு. கடுதாசி குடுத்தேன்ல, இன்னையோட முடியுது. கார்டை ரத்து பண்றதுக்கு எழுதிப் போடுறேன்னீங்க. புது விலாசம் அனுப்புறேன், அதையும் சேர்த்து எழுதுங்க.”

“நாளைக்கு அடுப்புல யாரு நிப்பா?” என்றான். அத்தனை பேர் முன்னால் அவன் வாயில் வந்தது அதுதான். பின்வரிசையில் யாரோ, “நீங்கதான் நிக்கணும், பட்டு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு,” என்றார். சிரிப்பு பந்தல் முழுக்கப் பரவியது. அந்தச் சிரிப்பை இன்றைக்கும் நான் நினைத்து நினைத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

அப்போதுதான் என் மனைவி முன்னால் வந்தாள். தட்டில் புது வெற்றிலை, பாக்கு, பழம், பிரிக்காத வேட்டி. முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகியிருந்தாள். குனியவில்லை. பெரிய வீட்டு அம்மாவுக்கு எதிரே மேஜையில் தட்டை வைத்தாள்.

“நான் வாங்கினதும்மா. திருப்பிட்டேன். இனிமே வாக்கு ஒண்ணும் பாக்கி இல்ல.”

“இந்த வீட்டுல குடுத்ததை யாரும் திருப்பினது இல்லடி,” என்றார் அந்த அம்மா.

“தெரியும்மா. எங்க மாமனார் திருப்பியிருக்கணும். அவரை விடல.”

அப்பாவுக்காக நான் எழுதி வைத்திருந்த வார்த்தைகள் நிறைய இருந்தன. அவள் அதை இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டாள்.

டிராக்டர் ஓடியது. தேங்காய் உடைந்தது. தாம்பூலம் வாங்கக் கூப்பிட்டபோது கேட்டரிங் பையனின் அம்மா, “யோசிச்சுச் சொல்றோம் தம்பி,” என்று எழுந்து போய்விட்டாள். புது ஜோடியைக் காணவில்லை. இரண்டு தட்டும் வெயிலில் வாடுவதைப் பார்த்துவிட்டுத்தான் நான் வீட்டுக்குப் போனேன். அவன் அந்த வாரமே, குறித்திருந்த நாளுக்கு முன்னதாக, விமானம் ஏறினான். அடுப்பில் அவனே நிற்பதாகக் கேள்வி. எழுதிப் போட்டானா இல்லையா என்று தெரியாது. மகளுக்கு எந்த அரசாங்கத்திலிருந்தும் ஒரு வார்த்தை வரவில்லை. பேத்தி கடலோர ஊரில் பள்ளிக்கூடம் சேர்ந்துவிட்டாள். அப்பாவோடு கோபித்துக்கொள்ளக் காரணம் தேடிக்கொண்டிருக்கிறாள், தினமும் நேரிலேயே. அந்த மாகாணம் எதிர்பார்த்ததைப் பொய்யாக்கிவிட்டோமே என்று ஒரு நாள் மகள் வருத்தப்பட்டாள். அந்த ஊர் மக்கள் நல்லவர்கள், பனியில் வண்டி சிக்கினால் கேட்காமலே தள்ள வருவார்கள் என்றாள். அந்த ஊருக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்பு, அவனுக்கு வேண்டாம் என்றேன்.

வைகாசியில் பெரிய வீட்டு வேலைக்காரப் பெண் வந்து வேட்டியைத் தந்துவிட்டுப் போனாள். திரும்ப வாங்கும் பழக்கம் அந்த வீட்டில் இல்லையாம், அம்மா சொல்லச் சொன்னார்களாம். தட்டு, வெற்றிலை எதுவும் வரவில்லை. வேட்டி மட்டும்.

“என்ன செய்யப்போறீங்க? கட்டிக்கப் போறீங்களா?” என்றாள் மனைவி.

ஆனியில் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. தேதி குறித்திருக்கிறேன். பெரிய வீட்டு மாடிக்கு நேர் எதிரே இருக்கிற என் கொல்லையில் நாற்றங்கால் விட்டேன். விதைத்த முதல் வாரம் குருவி பொறுக்கும். இரண்டு மூங்கிலைக் குறுக்கே கட்டி, வைக்கோல் திணித்து, மேலே பழைய சட்டியைக் கவிழ்த்தேன். பிறகு வேட்டியை முதல் முறையாகப் பிரித்து, சரிகைக் கரை மாடிப் பக்கம் தெரியும்படி பொம்மைக்குக் கட்டினேன். காலை வெயிலில் அது நன்றாக மின்னியது. மாடி ஜன்னல் திறந்தது, பிறகு மூடியது.

“போதும், எடுத்துடுங்க. ஊரு பேசுது,” என்றாள் மனைவி. ஆனால் முடிச்சு தளர்ந்திருந்ததை அவள்தான் இறுக்கிக் கட்டினாள்.

நாற்றுப் பறித்து நடவும் முடிந்துவிட்டது. நாற்றங்காலில் பொம்மைக்கு இனி வேலை இல்லை. அறுப்பு வரைக்கும் நிற்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.